மரத்தடி மூட்டைகள்

கரகரவென்று இரும்புக் கட்டில் தரையில் இழுபடும் சத்தம் முதலில் கேட்கும்; ஆள் போனது வீட்டுக்கா, வேறெங்காவதா என்பது அப்புறம்தான் தெரியும். ஆஸ்பத்திரி உத்தியோகம் காதால் பார்க்கிற உத்தியோகம். தூக்கம் கெட்ட சகோதரர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

புதுக்கோட்டையில் நான் இரவு வார்டு ஆளாக இருந்தபோது மேலிடத்து உத்தரவு ஒன்று வந்தது. பெரிய டாக்டர் கோஷ்டி, சின்ன டாக்டர் கோஷ்டி, இரண்டில் எது சுறுசுறுப்பு என்று அளக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் எது அதிகக் கட்டில்களைக் காலி செய்கிறதோ அது ஊரில் இருக்கும். தோற்றது இலுப்பூருக்குப் போகும். விடிந்ததும் காலிக் கட்டிலை எண்ணிச் சொல்வது என் தலையில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை

அளக்க வந்த அதிகாரிக்கு ஒன்று விளங்கவில்லை. செவ்வாயன்று மட்டும் ஒரு கட்டில்கூடக் காலியாவதில்லை. கால்புண் ஆறி, தலைவாரி உட்கார்ந்திருந்த ஒரு குடியானவரை, "குணமாயிடுச்சே, ஏன் போகலே?" என்று அதட்டினார். அவர் நிதானமாகச் சொன்னார்:

"செவ்வாக்கெழமை கெளம்பி, நோவும் பின்னாலயே வந்துச்சுன்னா, நீங்களா வாங்கிக்குவீங்க?"

கம்பவுண்டரின் யுக்தி

பெரிய டாக்டரின் கம்பவுண்டருக்கு ஊரை விட மனமில்லை; மகளுக்கு இங்கேயே வரன் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகாத நாளில் பயணம் போக வேண்டியவர்கள் முதல் நாளே நல்ல நேரத்தில் துணிமூட்டையை வெளியே கொண்டுபோய் வைத்துவிடுவது நம் வழக்கம்தானே? மூட்டை புறப்பட்டால் ஆள் புறப்பட்ட மாதிரி. அவர் சொல்லி, திங்கள் சாயங்காலம் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடி நிறைய பெரிய டாக்டர் பக்கத்து நோயாளிகளின் மூட்டைகள். மறுநாள் அவர்கள் கட்டில்கள் மளமளவென்று காலி. சின்ன டாக்டர் முகம் சுளித்தார்.

"இங்க வைத்தியம் பாக்குறது டாக்டரா, மரமாய்யா?"

கருப்பையா

மாதத்தின் கடைசி நாளும் செவ்வாய். மற்ற நாட்களில் சின்ன டாக்டர் விரட்டியதும், செவ்வாயில் மரம் கொடுத்ததும் சரிசமமாக நின்றன. பெரிய டாக்டர் பக்கம் கருப்பையா என்கிற குடியானவர் எழுந்து போனால் ஜெயம்; சமமாகவே நின்றால் பெரியவர்தான் இலுப்பூர் போக வேண்டும் என்பது உத்தரவு. அவர் மூட்டை முதல் நாளே மரத்தடிக்குப் போயாயிற்று. விடியும்போது பார்த்தால் மனிதருக்குக் காய்ச்சல் திரும்பியிருந்தது. அப்படியும் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"எங்கிட்டுப்பா போறே?" என்றார் பெரிய டாக்டர்.

"மூட்டை போயிருச்சுங்க. நான் மட்டும் எப்படி நிக்கிறது?"

டாக்டர் செருப்புகூட மாட்டாமல் மரத்தடிக்குப் போனார். மூட்டையைத் தாமே தூக்கி வந்து கட்டிலடியில் வைத்தார். கம்பவுண்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப அது திரும்பி வந்துருச்சு. நீயும் படு."

இலுப்பூர்

மாற்றல் உத்தரவு சுருக்கவே வந்தது. அடுத்த செவ்வாயே அங்கே போய்ச் சேர வேண்டும். திங்கள் சாயங்காலம் நான் லாந்தர் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பெரிய டாக்டர் வந்து தம் பெட்டியை நீட்டினார்.

"இதை மரத்தடியில வச்சிடுப்பா. நாளைக்குச் செவ்வாய்."

ஆக, எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாரையும்விடச் சுறுசுறுப்பு அந்த வேப்பமரம்தான் என்று முடிவுகட்டி, பெட்டியை அதனடியில் வைத்துவிட்டு வந்து, அடுத்த கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.