இன மானமும் அஞ்சலையின் சிரிப்பும்

மலாக்காவுக்கு வந்த புதிதில் என்னைக் குழப்பியது தொலைக்காட்சிப் பெட்டி அல்ல, அதை வைத்திருந்த திசை. காஜா பெராங் தெருவில் நான் கல்லாவில் உட்காரும் சாப்பாட்டுக்கடையில் அது தெருவைப் பார்த்து நின்றது. கடைக்கு முன்னால் அஞ்சடி என்று ஒரு கூரை போட்ட நடைபாதை, அங்கே பெஞ்சு. தேத்தண்ணி வாங்கியவருக்குப் பெஞ்சில் இடமும் படமும் கிடைக்கும். உள்ளே இலை எடுப்பவர்களுக்கும் பாத்திரம் கழுவுபவர்களுக்கும் பெட்டியின் முதுகும் சத்தமும் மட்டும். எனக்குக் கிடைத்ததோ பார்ப்பவர்களின் முகங்கள். ஊரில் இருக்கும் நண்பர்களே, மலாயாவில் தினமும் டெலிவிஷன் பார்க்கிறேன் என்று நான் கடிதத்தில் எழுதியது பொய்யல்ல. பார்க்கிறவர்களைத்தான் பார்த்தேன் என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதலாளி ராமசாமி எங்கள் புதுக்கோட்டைச் சீமைக்காரர். கப்பலுக்குச் சீட்டு அனுப்பி என்னை வரவழைத்தவர். இறங்கிய அன்றே தோளில் கைபோட்டு, "இது கடையில்ல தம்பி, குடும்பம். இங்க மொதலாளி தொழிலாளிங்குற பேச்சே கெடையாது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குடும்பத்தில் ஓய்வுநாள் என்று ஒன்று கிடையாது என்பது போகப் போகத்தான் தெரிந்தது. சமையலறையில் மசாலா அரைக்கும் அஞ்சலைக்கு இந்தக் குடும்பப் பாசம் என்னைவிட நன்றாகத் தெரியும். அலோர் காஜா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். சுதந்திரம் வந்ததும் துரைமார் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்களுக்கு மரங்கள் வேண்டியிருந்தன, அவற்றைச் சீவிப் பால் எடுத்தவர்கள் வேண்டியிருக்கவில்லை. புருஷனையும் பறிகொடுத்த அஞ்சலை ஒரு தகரப் பெட்டியோடு டவுனுக்கு வந்து சேர்ந்தார். கடைக்குப் பின்னால் இருந்த அறைதான் அவருக்கு வீடு. வேலை போனால் வீடும் போகும். மாசி மகத்துக்குச் செங் என்ற ஊரின் மலைக்கோயிலுக்குப் போக அவர் ஒருநாள் லீவு கேட்டபோது முதலாளி மனம் நொந்தே போனார். "குடும்பத்துக்குள்ள என்ன அஞ்சல, லீவு?"

ஒருநாள் மாலை பெட்டியில் மலாய் மொழியில் ஒரு நகைச்சுவை நாடகம். பெஞ்சில் வழக்கமானவர்கள்: சைக்கிள் கடை ஆ செங், தபால்காரர் ஒஸ்மான், எங்கள் முதலாளி, ஓரத்தில் தேவராஜப் பிள்ளை. பிள்ளை மலாக்காச் செட்டி. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வியாபாரத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழர்களின் வழியில் வந்தவர். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். தமிழில் சாமி பெயர்களும் சில பலகாரப் பெயர்களும் தெரியும். முதல் நாள் நான் அவரிடம் தமிழில் நலம் விசாரிக்க, அவர் கைகூப்பிவிட்டு மலாயில் பதில் சொன்னார். பாதி நாள் அதை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

நாடகத்தில் எல்லா முதலாளிக்கும் ஒரே நடிகர் என்பதெல்லாம், பார்த்தவர்கள் பிறகு தமிழில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதலில் தொப்பி போட்ட வெள்ளைக்காரத் துரையாக வந்தார். லீவு கேட்ட வேலையாளிடம் "கீத்தா செமுவா சத்து கெலுவார்கா", நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று சொல்லி, அவன் முதுகைத் தட்டிக்கொடுத்து, துடைக்கச் சொல்லித் தன் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தார். பெஞ்சே குலுங்கியது. சுதந்திர நாட்டுச் சிரிப்பல்லவா! துரை கப்பலேறினார். அதே நடிகர் சோங்கோக் குல்லா வைத்து, மலாய்ப் பெரிய மனிதராக, அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே வசனம் பேசினார். ஆ செங்கும் முதலாளியும் சிரித்தார்கள். ஒஸ்மான் தன் தேத்தண்ணியில் ஈ விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். அடுத்து அரைக்கால்சட்டை போட்ட தவுக்கே, சீன முதலாளி. இப்போது ஒஸ்மான் சிரித்தார், ஆ செங் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் வேட்டியும் பட்டை விபூதியும். அதே நாற்காலி, அதே குடும்பம். மற்ற இருவரும் தொடையைத் தட்டிச் சிரிக்க, எங்கள் முதலாளியின் முகம் சுண்டிப்போனது. அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அரைப்பதை நிறுத்திவிட்டு, மூச்சு வாங்க வாங்க, அஞ்சலை சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து தெருவெங்கும் இதே பேச்சு. நாடகம் பிரமாதம், சோங்கோக் பகுதி மட்டும் அநாவசியம் என்பது ஒஸ்மானின் கருத்து. தவுக்கே பகுதியை வெட்டினால் இன்னும் விறுவிறுப்பாக இருக்கும் என்றார் ஆ செங். வேட்டிப் பகுதியால் இன ஒற்றுமைக்கே ஆபத்து என்றார் முதலாளி. மூவர் பேச்சையும் கேட்டு வெட்டினால் மிஞ்சுவது வெள்ளைக்காரன் ஒருவன்தான். அவனோ ஊரைக் காலி செய்துவிட்டான்.

எங்கள் ஊர்க் கூத்தில் கட்டியங்காரன் பண்ணையாரைப் போலவே தொந்தியைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டுவான். முன்வரிசையில் இருக்கும் பண்ணையார்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பார், அவனுக்கு வேட்டியும் போர்த்துவார். மறுநாள் வயலில் ஒன்றும் மாறியிருக்காது. எங்கள் முதலாளிக்கு அந்தக் கூட்டத்தில் முன்வரிசை கிடையாது. அவருடைய அப்பா அதே பண்ணையாரின் முன் கைகட்டி நின்றவர். கடல் தாண்டி வந்து முன்வரிசையைப் பிடித்துவிட்டாரே தவிர, அங்கே உட்கார்ந்து சிரிக்கும் பழக்கம் அவருக்கு இன்னும் வரவில்லை. கோபத்தில் தனியாக முணுமுணுத்துக்கொண்டிருந்த அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் முதலாளி தமிழர்களைச் சேர்த்துக் கடையில் கூட்டம் போட்டார், பிள்ளையும் வந்திருந்தார். தொலைக்காட்சி நிலையத்தாரிடம் நேரில் போய்க் கண்டனம் சொல்ல வேண்டுமாம். முதலாளியின் மனம் புண்பட்டது என்றால் கேட்பவன் சிரிப்பான், தொழிலாளியின் மனம் புண்பட்டது என்றால்தான் எடுபடும். ஆகவே புண்பட வேண்டிய பொறுப்பு அஞ்சலையின் தலையில் விழுந்தது.

"நம்ம இனத்தையே கேவலப்படுத்திட்டான் அஞ்சல. எங்க மொதலாளி அப்படியில்ல, மனசு வேதனையா இருக்குன்னு நீதான் வந்து சொல்லணும். அன்னைக்கு என்னமோ சிரிச்ச, அது போவட்டும்."

அஞ்சலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "நான் எங்க மொதலாளி பெட்டியப் பாத்தேன்? உள்ளதான இருந்தேன். வேட்டியா சாரோங்கான்னு எனக்கென்னா தெரியும்? பேச்சு மட்டுந்தான் காதுல விழுந்துச்சு. மொதல்ல, நீங்கதான் யார்கிட்டயோ மலாய்ல பேசுறீங்கன்னு நெனச்சேன். நாலு தடவையும் நீங்களாவே இருந்தீங்களா, சிரிப்பு வந்துருச்சு."

யாருக்கோ தேத்தண்ணி புரையேறியது. நடப்பது புரியாத பிள்ளைக்கு அஞ்சலையே மலாயில் எடுத்துச் சொல்ல, அவர் "சாமா, சாமா" என்று தலையாட்டினார். எல்லாம் ஒன்றுதானே என்கிறார். முதலாளி அவர் பக்கம் திரும்பி, "தமிழே தெரியாத ஆளுக்குத் தமிழன் மானத்தப் பத்தி என்ன தெரியும்? சொல்லு அவர்கிட்ட!" என்று என்னிடம் கத்தினார். சொல்ல எனக்கு மலாய் தெரியாது. அதையும் அஞ்சலைதான் ஒரு சொல் விடாமல் சொன்னார், பதிலையும் வாங்கி வந்தார்: "அவுங்க பாட்டனுக்குப் பாட்டன் வந்தப்ப, நீங்க வந்த கப்பலே கட்டலியாம்லா."

"இன்னைக்கே ரூம காலி பண்ணு" என்றார் முதலாளி.

"குடும்பத்துலேருந்து எப்படி மொதலாளி காலி பண்றது?"

இது கிண்டலில்லை. அஞ்சலையின் குரல் உடைந்துவிட்டது. முதலாளி அவரைப் பார்க்காமல் என்னிடம், "அவ தகரப் பெட்டியத் தூக்கிக் குடு தம்பி" என்றார்.

வாசல்வரை தூக்கினேன். அதற்குள் பிள்ளை எழுந்து, தன் மனைவி விற்பனைக்குப் பலகாரம் செய்கிறாள், கூடமாட ஆளில்லை, பின்னறையும் காலியாகக் கிடக்கிறது என்று அஞ்சலையிடம் சொல்லியிருந்தார். நான் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. முதலாளி பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பாமல் அவர்கள் பின்னாலேயே, பிள்ளையின் ஆட்கள் குடியிருக்கும் செட்டிக் கம்பத்துக்கு நடந்தேன். எனக்கும் படுக்கை அந்தக் கடை மாடியில்தான்.

பிள்ளையின் மனைவி மலாய்ப் பெண்கள் போடும் கெபாயாச் சட்டை அணிந்திருந்தார். சுவரில் முருகன் படம், அதற்கு விளக்கு. அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டே மலாயில் கதையைச் சொன்னார். முதலாளியைப் போலவே குரலைக் கட்டைப்படுத்திப் பேசிக் காட்டும்போது இரண்டு பெண்களும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பிறகு சேர்ந்து உட்கார்ந்து தேங்காய் துருவினார்கள். அத்தனை பேச்சிலும் எனக்கு ஒரு சொல் புரியவில்லை. ஆனால் வந்து இறங்கியதிலிருந்து அன்றுதான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த அம்மா என் முன் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றை வைத்து ஏதோ கேட்டார்.

"தம்பிக்கு எந்த ஊருன்னு கேக்குறாங்க" என்றார் அஞ்சலை.

"புதுக்கோட்டை."

நெற்றி நிறைய விபூதி பூசிய அந்தத் தமிழ்ப் பெண்மணி கொஞ்சம் யோசித்தார். மறுபடி கேட்டார்.

"அது மலாக்காவுல எந்தப் பக்கமாம்?"

என் கை தானாகக் கடல் இருக்கும் திசையைக் காட்டியது. அவர் முகம் மலர்ந்தது.

"கடக்கரப் பக்கம், உஜோங் பாசிரா? பக்கந்தானே, சாப்புட்டுட்டே போவலாமாம்" என்றார் அஞ்சலை.