‘வீட்டு ஆளுக கேட்டாச்சா?’

செய்தி எனக்கு வேலையாகத்தான் வந்தது. காலையில் கடையைத் திறந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன். “அண்ணே, ஒரு துட்டி அறிவிப்பு போடணும்.” பேசுவது கோமதியின் தம்பி என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. வழக்கம்போல, இறந்தவர் பேரைக் கேட்டேன். “அக்கா பேருதாண்ணே. விடியக்காலம் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள போயிட்டா.”

கோமதியும் நானும் ராஜபாளையத்தில் ஒலிப்பதிவுக் கடை நடத்தியதை உங்களில் பலர் அறிவீர்கள். கடைத் திறப்பு, கோயில் கொடை, மரண அறிவிப்பு என்று ஊர் ஊராக ஆட்டோவில் ஒலிப்பவற்றுக்குக் குரல் என்னுடையது, மிக்சிங் அவளுடையது. மற்றவர்கள் மவுஸால் இழுத்து இழுத்துச் செய்வதை அவள் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டி முடித்துவிடுவாள். மிக்சிங் சாஃப்ட்வேர் தானே திறந்து, நான் பேசும் இடத்தில் இசையைத் தாழ்த்தி, வன்னியம்பட்டிக்கு ஒன்று, புதுப்பட்டிக்கு ஒன்று என்று பிரித்து, ஆட்டோக்காரர்களின் போனுக்கே அனுப்பிவிடும். “சோம்பேறிக்குத்தாண்ணே இந்தப் புத்தி வரும்” என்பாள். கொஞ்சம் கர்வமும் உண்டு. இல்லையென்று சொன்னால் அவளே சிரிப்பாள்.

அந்தக் கர்வம் வத்திராயிருப்பில் அடிபட்டது. ஒரே காலையில் நகைக்கடைத் திறப்பும் ஒரு பெரியவரின் மரணமும் வந்தன. முந்தைய வேலையின் இசையை மாற்றாமலே அடுத்த வரியைத் தட்டிவிட்டாள். என் துயரக் குரலுக்கடியில் கெட்டிமேளம் முழங்க, ஆட்டோ அந்தத் துட்டி வீட்டு வாசலையே கடந்து போனது. கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்றார் ஆட்டோக்காரர். “அது நான் சொன்னதைத்தான் செஞ்சுது” என்று கோமதி பஸ் ஏறினாள். நானும் போனேன். பெரியவரின் மகள் கேட்டார், “எங்கப்பாவுக்கு மேளம்னா உசுரு. அதுக்காக இன்னைக்கா போடுவிய?” அந்தப் பெண் அழுது முடிக்கும்வரை கோமதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள், அந்த ஒரு வரி தட்டினால் ஓடும் தன் ஸ்கிரிப்டை மாற்றினாள். மரண அறிவிப்பு என்றால் இசை சேராது. அனுப்பும் முன் திரை நின்று கேட்கும்: ‘வீட்டு ஆளுக கேட்டாச்சா?’ ‘ஆமா’ என்று தட்டினால்தான் நகரும். துக்க வீட்டில் ஒருவருக்குப் போன் போட்டு, முழுவதையும் கேட்க வைத்த பிறகே தட்டுவாள். அவசரப்படுத்துகிறவர்களிடம், “செத்த நேரம் பொறுங்க. தெருவுல போன சத்தத்தைத் திருப்பிக் கூப்பிட ஏலாது” என்பாள்.

தம்பியின் போன் வந்த அன்று அவள் பேரை வாசித்தேன். பாதியில் நிறுத்தி, மறுபடி வாசித்தேன். அவளுடைய வரியைத் தட்டினேன். திரை நின்று கேட்டது. அவள் தம்பிக்குப் போன் போட்டேன். பின்னால் அழுகைச் சத்தம். “என்னால கேக்க ஏலாதுண்ணே. நீங்களே கேட்டுட்டுப் போடுங்க. நீங்களும் வீட்டு ஆளுதானே” என்றான்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டேன். பேர் சரியாக இருந்தது. இசை இல்லை. செத்த நேரம் பொறுத்து ‘ஆமா’ என்று தட்டினேன்.

கடையும் கம்ப்யூட்டரும் இருக்கின்றன. ஆனால் கோமதியிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது, அவள் எழுதிய கேள்விக்கு அவள் வீட்டு ஆளாக நின்று சொன்ன அந்தப் பதிலைத்தான்.