ஆயர் ஹீத்தாம் சாலையில் கொதித்த வண்டி

என் மனைவிக்கு வலி எடுத்தது அதிகாலையில். வெயில் ஏறிய பிறகும் பிள்ளை வரவில்லை. ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டிருந்த டிரசர் அவள் வயிற்றை இரண்டு கைகளாலும் தடவிப் பார்த்தார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டார்.

“பிள்ளை குறுக்கால கெடக்கு. இங்க வச்சு என்னால ஒண்ணும் செய்ய முடியாது. பத்து பகாட் டவுன்ல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடணும். வண்டிய எடு.”

தோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு கார். அது தோட்ட மேனேஜரான வெள்ளைக்காரத் தொரையுடையது, அதை ஓட்டுகிறவன் நான். தொரையோ நண்பர் ஒருவரின் வண்டியில் சிங்கப்பூர் போயிருந்தார். கேட்காமல் அந்தக் காரைத் தொட்டவனுக்கு மறுநாள் தோட்டத்தில் இடம் இருக்காது.

“தொரைகிட்ட நான் பேசிக்கிறேன். நீ எடு” என்றார் டிரசர், நான் வாயைத் திறப்பதற்குள்.

பின் சீட்டில் பாயை விரித்து அவளைப் படுக்க வைத்தோம். டிரசர் மருந்துப் பையோடு அவள் பக்கத்தில், கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். யோங் பெங் கடைவீதியைத் தாண்டி ஆயர் ஹீத்தாம் சாலையைப் பிடித்தேன். அந்த நாளில் அது செம்மண்ணும் சரளையும் கலந்த சாலை. ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. வேகமாகப் போனால் அவளுக்கு வலி, மெதுவாகப் போனால் நேரம் போகிறது. எதைச் செய்வது என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தேன்.

ஒரு மேடு ஏறும்போது வண்டியின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. முதலில் நூல் போல வந்தது, மேட்டின் உச்சிக்குப் போவதற்குள் எதிரே சாலையே தெரியவில்லை. ஓரமாக நிறுத்தினேன். இரண்டு பக்கமும் ரப்பர் பால்மரங்கள். ஒரு ஆள் நடமாட்டம் இல்லை.

“என்னாச்சு?” என்றார் டிரசர்.

“தண்ணி கொதிச்சிடுச்சுய்யா. ஊத்துனா சரியாயிடும்.”

அப்படித்தான் நினைத்தேன். கொஞ்ச நாளாக எனக்கு மலேரியாக் காய்ச்சல். நான் படுக்கையில் கிடந்தபோது யோங் பெங்கில் லாரி ஓட்டுகிற ஒருவன்தான் காரை ஓட்டினான். தண்ணீர் ஊற்ற மறந்திருப்பான் என்று எண்ணிக்கொண்டு, துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். கொதிநீர் பீறிட்டு என் மணிக்கட்டை அவித்துவிட்டது. ஆவி அடங்கியதும் உள்ளே எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இருந்தது. அதன் மேல் பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில் ஏதோ வழவழவென்று மிதந்தது. வாயின் உள்விளிம்பு முழுக்க அதுதான் அப்பியிருந்தது.

டிரைவர் வேலைக்கு வருவதற்கு முன்னால் சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் இருந்தேன். அங்கே ஒரு வண்டியில் இதே போன்ற கூழைப் பார்த்திருக்கிறேன். எஞ்சினுக்குள் வெடிப்பு விட்டு, எண்ணெய் தண்ணீரோடு கலந்து வருவது அது. அந்த வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தவன் பாதி வழியில் எஞ்சினை இறுக விட்டுவிட்டான். அப்புறம் அது அசையவே இல்லை.

டிரசரிடம் சொன்னேன். “எண்ணெயா இருந்தா ஓட்டக் கூடாதுய்யா. வழியில நின்னுடும். அப்புறம் தள்ளவும் முடியாது.”

“நின்னா என்ன பண்றது?”

“வேற வண்டி ஏதாச்சும் வரணும்.”

அவர் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இரத்தம் பட ஆரம்பிச்சிடுச்சு. வண்டி வர்ற வரைக்கும் காத்துக் கெடக்க முடியாது” என்றார்.

கூழில் கொஞ்சம் விரலால் வழித்தேன். சுட்டது. எண்ணெயாக இருந்தால் விரல் வழுக்க வேண்டும். இது வழுக்கியது, ஆனால் சூடு ஆற ஆறப் பிசுக்கென்று ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். இரும்புத் துருவின் வாடைக்கு அடியில் கிழங்கு வேகிற வாடை. பயத்தில் எனக்கே அப்படித் தோன்றுகிறதோ என்று சந்தேகம். விரலை டிரசரிடம் நீட்டினேன்.

“கஞ்சி மாதிரி இருக்கே” என்றார்.

“கஞ்சி எப்படிய்யா உள்ள வரும்?”

அவர் பையைத் திறந்து அயோடின் புட்டியை எடுத்தார். “என் சட்டைக்குக் கஞ்சி போட்டுத்தான் தேய்ப்பாங்க. இது சிந்துச்சுன்னா அந்த இடம் கருநீலமா போயிடும். மாவா இருந்தா இதுவும் மாறணும்.”

மட்கார்டின் மேல் கூழை அப்பினேன். அவர் ஒரு சொட்டு விட்டார். சொட்டு பழுப்பாகவே பரவியது. குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம். நிறம் மாறவில்லை.

“அப்ப எண்ணெய்தான்” என்றேன். மனைவி முனகினாள். டிரசர் அவளிடம் ஓடினார். நான் சாலையின் நடுவில் போய் நின்று, யோங் பெங் பக்கம் ஏதாவது தூசி கிளம்புகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை.

திரும்பி வந்தபோது மட்கார்டில் ஒரு கறை தெரிந்தது. மை கொட்டினது போல் கருநீலம்.

“ஐயா! ஐயா, இங்க வாங்க!”

அவர் வந்து பார்த்தார். விரலால் தொட்டார். “சூடா இருந்தப்ப பிடிக்கல. ஆறினதும் பிடிச்சிருக்கு. மாவுதான்யா இது, மாவுதான்!” என்றார்.

அப்போது பின் சீட்டிலிருந்து அவள் பேசினாள். வலிக்கும் வலிக்கும் நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

“என்னங்க... மரவள்ளி மாவா? அந்த லாரிக்காரர் வந்து கேட்டாரு... நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தப்ப. வண்டியில ஓட்டையாம், அடைக்கணுமாம். ஒரு மங்குக் கிண்ணம் நெறைய அள்ளிக் குடுத்தேன்... ஒட்டுறதுக்குக் கேக்கிறாருன்னு நெனச்சேன்.”

அவசரத்துக்கு மாவைக் கரைத்து ரேடியேட்டரில் ஊற்றுகிற வழக்கம் சில டிரைவர்களிடம் இருந்தது. வெந்து கூழாகி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஒரு பிடி போட வேண்டிய இடத்தில் அவன் மங்கு முழுவதையும் கொட்டியிருக்கிறான். ஓட்டையோடு சேர்த்து உள்ளே இருந்த சின்னச் சின்னக் குழாய்களையும் அது அடைத்துவிட்டது. எஞ்சினில் கோளாறு இல்லை. கழுவினால் போகும்.

ஆனால் கழுவத் தண்ணீர் வேண்டும், அதுவும் சூடாக. மேட்டுக்குக் கீழே தென்னைகளுக்கு நடுவில் ஒரு மலாய்க்காரர் வீடு தெரிந்தது. ஓடினேன். ஒரு பெண்மணி வாசலுக்கு வந்தார். எனக்கு வந்த மலாய் மொழி கொஞ்சம்தான். “ஆயெர் பானாஸ்! பினி சாயா...” என்று சொல்லி, என் வயிற்றின் மேல் கையால் ஒரு வளைவு காட்டினேன். வெந்நீரும் மனைவியும் அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைப்பேற்றுக்குத்தான் கேட்கிறேன் என்று நினைத்து அடுப்பில் இருந்த பெரிய பானையையே தூக்கிக் கொடுத்தார். அவர் புருஷன் மண்ணெண்ணெய்த் தகரம் நிறையக் கிணற்றுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தார். வெந்நீரை நான் காரின் மூக்கில் ஊற்றுவதைப் பார்த்து, “அலமாக்!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

கீழ்க் குழாயைக் கழற்றினேன். ஒன்றும் வரவில்லை. பால்மரத்தில் பால் வடிகிற கோப்பையைத் தாங்கியிருந்த கம்பியைப் பிடுங்கி நிமிர்த்தி, குழாய்க்குள் விட்டுக் குடைந்தேன். முதலில் கட்டி கட்டியாக விழுந்தது. பிறகு ஒரு வாய் கூழ் தொப்பென்று சரளையில் கொட்டியது. மேலே வெந்நீரை ஊற்ற ஊற்றக் கீழே பழுப்பாக, பிறகு வெள்ளையாக, கடைசியில் தெளிவாக வந்தது. பின்னால் அவள் கத்துவது நின்றிருந்தது. நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லாமல் குழாயை முடுக்கினேன்.

“உசுரு இருக்கு. நீ வேலையப் பாரு” என்றார் டிரசர்.

மாவு போனதும் பழைய ஓட்டை வாயைத் திறந்துகொண்டது. முன்பக்கம் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. அடைக்க எதுவும் இல்லை, நேரமும் இல்லை. அந்த மலாய்க்காரர் தகரத்தை மறுபடியும் நிரப்பிக்கொண்டு வந்து முன்பக்கத்து மட்கார்டில் ஏறி உட்கார்ந்தார். ஒரு கையால் காரின் முன்விளக்கைப் பிடித்துக்கொண்டு, போகலாம் என்று மறுகையால் காட்டினார்.

அப்படியே போனோம். ஆவி கிளம்பும் போதெல்லாம் நிறுத்துவேன். எஞ்சினை ஓட விட்டபடி மூடியைத் திறப்பேன். சூட்டில் பச்சைத் தண்ணீர் சட்டென்று பட்டால் இரும்பு வெடித்துவிடும். அதனால் அவர் மெல்ல மெல்ல ஊற்றுவார். ஊற்றி முடியும்வரை நான் பின் சீட்டைப் பார்ப்பேன். அவள் கண் திறந்திருக்கும். ஆனால் என்னைப் பார்க்காது. தகரம் காலியானால் வாய்க்கால் எங்கே என்று அவர்தான் காட்டுவார். பத்து பகாட் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது வண்டியிலிருந்து மணி அடிப்பது போல் சத்தம் வந்துகொண்டிருந்தது.

உள்ளே கொண்டு போனார்கள். டிரசரும் கூடவே போனார். நானும் மலாய்க்காரரும் சுவரோரம் உட்கார்ந்தோம். அவர் சுருட்டிய புகையிலையை என்னிடம் நீட்டினார். கொப்புளித்த கையால் என்னால் அதைப் பிடிக்க முடியவில்லை. அவரே பற்றவைத்துக் கொடுத்தார்.

வெயில் சாய்ந்த பிறகு டிரசர் வெளியே வந்தார். சட்டை முழுக்கக் கறை.

“பொம்பளப் பிள்ளை. நீலமா வந்துச்சு, அழ வச்சுட்டாங்க. உன் சம்சாரத்துக்கு ரொம்ப இரத்தம் போயிடுச்சு. இப்போதைக்கு ஒண்ணும் சொல்ல முடியாது.”

அவள் பிழைப்பாளா என்பது தெரியாமலேயே பல நாட்கள் போயின. அவளுக்குக் காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. ஒரு நாள் கஞ்சி கேட்டாள் என்று சொன்னார்கள். அன்றுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

தொரை என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. டிரசர் அவரிடம் என்ன பேசினாரோ தெரியாது. சிங்கப்பூரிலிருந்து புது ரேடியேட்டர் வந்து சேர்ந்தது. மலாய்க்காரர் உட்கார்ந்து வந்ததில் வளைந்த மட்கார்டைத் தொரை தடவிப் பார்த்துவிட்டு, “அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வர இதையே எடுத்துக்கொள்” என்று மட்டும் சொன்னார்.

வண்டியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். அவள் பிள்ளையோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். காரைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் வைத்தாள்.

“இதுல நான் ஏற மாட்டேன்.”

“புதுசு மாட்டியாச்சுடி. ஒரு சொட்டு ஒழுகாது.”

“நீங்க என்ன சொன்னாலும் சரி. நான் பஸ்ஸுல வர்றேன்.”

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பார்த்து உட்கார வைத்தேன். பிறகு தொரையின் காலிக் காரை ஓட்டிக்கொண்டு, அந்த பஸ் கிளப்பிய செம்மண் தூசியை எல்லாம் விழுங்கியபடி, யோங் பெங் வரைக்கும் அதன் பின்னாலேயே போனேன்.