பன்னிரண்டாவது உறை

கப்பல் புறப்படும் முன் நகத்தையும் கொஞ்சம் முடியையும் வெட்டி உறையில் போட்டு, பெயர் எழுதிக் கரையில் விட்டுப் போவது கடற்படையில் வழக்கம். உடல் திரும்பாவிட்டால் வீட்டார் புதைப்பதற்கு அதுவாவது இருக்கும். லெப்டினன்ட் இகாரி தெய்ஜியின் பீரங்கிப் பிரிவில் பதினோரு பேர். அவனுடையதோடு பன்னிரண்டு உறைகள். கல்லில் மை அரைத்துத் தூரிகையால் பெயர் எழுதுவதுதான் முறை. அன்று நேரமாகிவிட்டது. "தூரிகைக்கு யாருடா காத்துக்கிட்டு இருப்பா? பேனாவால எழுதுங்க" என்றான்.

அவன் நோட்டோ கரையில் மீனவனுக்குப் பிறந்தவன். கடற்படைக் கல்லூரியில் படிக்கும்போது படகுக் கப்பியில் சிக்கிய இடது கட்டைவிரல் நகம், அதன்பின் இரண்டாகப் பிளந்தே வளர்ந்தது. இருபத்தேழு வயதுவரை வேறு காயம் எதுவும் படவில்லை.

புறப்படுவதற்கு முந்தைய நாள் குடல்வால் வீங்கி மருத்துவமனையில் படுத்தான். கப்பல் அவனில்லாமல் போனது. திரும்பவில்லை. உறைகள் இருந்த கிடங்கில் குண்டு விழுந்து, தீயணைத்த தண்ணீரில் பெட்டி ஊறியது. தூரிகை மை என்றால் நின்றிருக்கும். பேனா மை பன்னிரண்டு உறைகளிலும் நீலக் கறையாகப் பரவியிருந்தது.

போர் முடிந்தது. சீருடையிலிருந்த பட்டைகளைப் பிரித்துவிட்டு, தெய்ஜி பன்னிரண்டையும் புது உறைகளில் வைத்தான். ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. கைக்கு வந்த வரிசையில் பதினொன்றில் ஒவ்வொரு பெயராக, இந்த முறை தூரிகையால், எழுதினான். மிஞ்சியது தன்னுடையது என்று வைத்துக்கொண்டான். பத்து வீடுகளில் கொடுத்தாயிற்று. அழுதார்கள், குனிந்து வணங்கினார்கள், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொடுத்தார்கள். அவனும் வணங்கினான், தின்றான். மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது.

பதினோராவது வீடு, பீரங்கி மேற்பார்வையாளன் குனிசதாவின் வீடு. அவன் மனைவி ஃபுசாயேவுக்கு முன்பே கடற்படையிடமிருந்து எலும்பு வைக்கும் ஒரு வெள்ளைப் பெட்டி வந்திருந்தது. உள்ளே பெயர் எழுதிய சீட்டு மட்டும். காகிதத்தைப் புதைக்க மாட்டேன் என்று அவள் இரண்டு வருடமாகக் கல்லறையை மூடாமல் வைத்திருந்தாள். இறந்தவர்கள் வீடு வரும் ஆகஸ்ட் பண்டிகைக்கு இன்னும் நான்கு நாள். அதற்குள் அவனுடையது ஏதாவது வேண்டும் அவளுக்கு.

வழிபாட்டு மாடத்தின் முன் உட்கார்ந்து உறையைப் பிரித்தாள். நகத்துண்டுகளை விரலால் ஒதுக்கினாள். ஒரு துண்டின் நடுவே பிளவு இருந்தது. தெய்ஜி தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை மடியில் மறைத்தான். அவள் அதற்கு முன்பே பார்த்துவிட்டிருந்தாள்.

"அதிகாரி ஐயா, உங்க கையைக் காட்டுங்க."

காட்டினான்.

"பேரெல்லாம் நனைஞ்சு போச்சும்மா. பேனாவால எழுதச் சொன்னது நான்தான்."

"மத்த வீட்டுக்கெல்லாம்?"

"எது யாரோடதுன்னு தெரியாமத்தான் கொடுத்தேன்."

அவள் நகத்துண்டுகளை மீண்டும் ஒன்றாகச் சேர்த்தாள். பிறகு பையில் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். மிஞ்சிய உறையை எடுத்து வைத்தான். அது குனிசதாவுடையதாக இருக்கலாம், வேறு யாருடையதாகவும் இருக்கலாம் என்று சொன்னான்.

"இது இங்க இருக்கட்டும். யாரோ ஒருத்தர் போய்ச் சேர்ந்தவர்தானே" என்றாள். பிளந்த நகத்தை முடியோடு மடித்து அவன் பக்கம் தள்ளினாள். "இதை எடுத்துக்கிட்டுப் போங்க. உசிரோட இருக்கறவருக்கு எங்க வீட்டுக் கல்லறையில என்ன வேலை?"

தெய்ஜி அதன்பின் இருபத்தாறு வருடம் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டினான். மற்றப் பத்து வீடுகளுக்குத் திரும்பப் போகவில்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஃபுசாயேவின் ஊருக்குப் போய் அந்தக் கல்லறையின்மேல் தண்ணீர் ஊற்றுவான். வணங்கும்போது சொல்ல ஒரு பெயர் வேண்டும். ஒரு வருடம் ஒருவன் பெயர், அடுத்த வருடம் அடுத்தவன் பெயர் என்று பதினொன்றையும் இரண்டு சுற்று சொல்லி முடித்திருந்தான். மூன்றாவது சுற்று, அவன் இறந்தபோது, நான்காவது பெயரோடு நின்றது.