கொடும்பாவிக்குள் ஒரு டயர்

மேகத்துக்குள் புகும் கரித்தூள் என்ன செய்யும் என்று படித்துப் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் படிப்பால் எங்கள் வயலில் இன்றுவரை ஒரு தூறல் விழுந்ததில்லை.

அந்தப் புரட்டாசியில் எங்கள் ஊர் குரும்பகரத்துக்குப் போனபோது, அண்ணன் நேரடியாக விதைத்திருந்த சம்பா முளைத்த கையோடு வாடிக்கொண்டிருந்தது. வாய்க்கால் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வந்து சேரவில்லை. போர்வெல் தண்ணீர் உப்பு. பாய்ச்சினால் பயிர் கருகிவிடும். மழை ஒன்றுதான் கதி. மத்தியானம் மேகம் கூடும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலைந்துவிடும்.

கடைசியில் ஊரார் கொடும்பாவி கட்டினார்கள். ஊர்ப் பாவத்துக்கெல்லாம் ஓர் உருவம் செய்து, தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து அழுது எரித்தால் மழை வரும் என்பது வழக்கம். அதற்குப் பிள்ளையாக நின்று கொள்ளி வைக்க அண்ணன் ஒத்துக்கொண்டிருந்தான். வெறும் வைக்கோல் சட்டென்று எரிந்து அணைந்துவிடுமாம். அதனால் சாக்கில் வைக்கோல் அடைத்த பொம்மையின் வயிற்றுக்குள் பழைய டயர் ஒன்றைத் திணித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"டயர் வேணாம்ண்ணே. அந்தக் கரும்புகை வெயில வாங்கி சூடாவும். மேகத்துக்குள்ள போச்சுன்னா சுத்தியிருக்கற காத்தும் சூடாயிடும். துளி பெருசாவாம அப்படியே காஞ்சி போயிடும்."

அண்ணன் வேலையை நிறுத்திவிட்டுப் பொறுமையாகக் கேட்டான்.

"அப்ப டயர எடுத்துட்டா மழை வந்துடுமா பாப்பா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு டயர் புகையால் மேகம் கலைந்துவிடாது. அறுத்த வயல்களில் கொளுத்தும் வைக்கோல், செங்கல் சூளை, லாரி, ஊர் ஊராக எழும் புகை எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. எந்த மேகம் எதனால் கலைந்தது என்று பிரித்துச் சொல்ல எனக்கே தெரியாது.

"சொல்ல முடியாதுண்ணே" என்றேன். அவன் டயரை உள்ளே தள்ளிச் சாக்கைத் தைத்தான்.

மறுநாள் எரித்தார்கள். மற்றவர்கள் முறைக்கு அழுதார்கள், அண்ணன் நிஜமாகவே அழுதான். கரும்புகை மேலே போயிற்று. மேகம் வழக்கம்போலக் கலைந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் என் படிப்பின் மேல் எரிச்சல் பட்டேன்.

கொடும்பாவியானாலும் சாவுக்குப் போய்வந்தால் தலைமுழுக வேண்டுமே என்று, குழாயில் பிடித்த நல்ல தண்ணீரை வாசலில் குடங்களில் வைத்திருந்தேன். அண்ணன் குளிக்கவில்லை. ஒரு குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வயலுக்கு நடந்தான். வரப்போரத்துப் பயிரில் சாய்த்தான். தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கிப்போனது.

அந்த வயலுக்குக் குடத்துத் தண்ணீர் எம்மாத்திரம் என்று அவனுக்குத் தெரியாதா? இன்னொரு குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.