வால்பாறையில் நான் வைத்த வாழை

சூலூரிலிருந்து மாற்றலாகி வால்பாறைப் பள்ளிக்கு வந்த புதிதில், வீட்டின் பின்னால் ஆசையாக இரண்டு வாழைக்கன்றுகள் நட்டேன். பக்கத்து வீட்டுச் செல்வியக்கா தேயிலை பறிப்பவர். "ஏனுங்க டீச்சர், இங்க யாரும் வாழை வைக்கறதில்லைங்க. ஆனை வந்துரும்" என்றார். எங்கள் ஊரில் வாழை இல்லாத வீடே கிடையாது. இவருக்கு என்ன வந்தது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த வருடம் குலை தள்ளியது. ஒரு விடியற்காலையில் யானை வந்து ஒரு மரத்தைத் தின்றுவிட்டுப் போனது. போகிற போக்கில் இடித்தது என் சுவரை அல்ல, அக்காவின் சமையலறைச் சுவரை.

விடிந்ததும் அழுதுகொண்டே மற்ற மரத்தை வெட்டினேன். அக்கா திட்டினால் தேவலை என்றிருந்தது. இடிபாட்டுக்குள் பாத்திரம் பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தண்டை வீசிப்போடாதீங்க டீச்சர், பொரியல் பண்ணலாம். உங்க அடுப்புல ஆக்கிக்கட்டுங்களா?"

ஆக்கி, முதல் தட்டை எனக்குத்தான் நீட்டினார். வாங்கும்போதுதான் உறைத்தது. ஒரு வருடத்துக்கு மேலாகப் பக்கத்து வீட்டில் இருப்பவர் அன்றுதான் முதன்முதலாக என் வீட்டுக்குள் வந்திருக்கிறார். அதையும் அவரேதான் கேட்க வேண்டியிருந்தது.