டாக்டரிடம் என் மனைவி கேட்ட கேள்விகள்

கரிவலம்வந்தநல்லூர் ரோட்டில் மோட்டார் சைக்கிளோடு ஒரு மாட்டுவண்டியில் போய் மோதியபோது எனக்கு நாற்பது வயது ஆகவில்லை. இடுப்பெலும்பு நொறுங்கி மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தேன். எலும்பு கூடியது, நடை வந்தது, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த என் உரக்கடையைத் திரும்பவும் திறந்தேன். ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை. ஆசை பழையபடியே இருந்தது. உறுப்பு எழும்ப மறுத்தது.

எண்பதுகளில் இதற்கு இப்போதுபோல் மாத்திரை கிடையாது. தெரிந்த லேகியம் எல்லாம் தின்றேன். வயிறு கெட்டதுதான் மிச்சம். வெட்கத்தில் மனைவியைவிட்டுத் தள்ளிப் படுக்க ஆரம்பித்தேன். அவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். ஒருநாள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"இடுப்பு ஒடிஞ்சதுக்கு வைத்தியம் பாத்தோம்லா? இதுவும் அதுல வந்ததுதான? இதையும் பாத்துருவோம். நீங்க எதுக்கு எம்மூஞ்சியப் பாக்காம திரியுதீக?"

பிள்ளைகளை இளையரசனேந்தலில் அவள் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, மச்சினன் எழுதிக் கொடுத்த ஆஸ்பத்திரி விலாசத்தோடு மெட்ராசுக்கு ரயிலேறினோம். அங்கே சிறுநீரக டாக்டர் பல சோதனைகள் செய்துவிட்டு, அடிபட்டதில் நரம்பும் ரத்தக்குழாயும் கெட்டுவிட்டன, மருந்தால் சரியாகாது என்றார். மேஜை டிராயரிலிருந்து விரல் தடிமனில் இரண்டு சிலிக்கோன் குச்சிகளை எடுத்து வைத்தார். ஆபரேஷன் செய்து இவற்றை உறுப்புக்குள் வைத்துவிடலாமாம். நான் தரையைப் பார்த்தேன். என் மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"இது எந்நேரமும் நிமிந்தேதான் நிக்குமா டாக்டர்?"

"விறைப்பு எப்பவும் இருக்கும்மா. ஆனா உள்ள கம்பி இருக்கிறதால வளையும். தேவைப்படும்போது நிமிர்த்திக்கலாம், மத்த நேரம் கீழே மடக்கி விட்டுக்கலாம்."

"வேட்டி கட்டுனா வெளிய தெரியுமா?"

"இறுக்கமா ஜட்டி போட்டா தெரியாது."

"எல்லாருக்கும் ஒரே அளவா?"

"இல்லம்மா. ஆபரேஷன்ல உள்ள அளந்து பார்த்துத்தான் வைப்போம்."

"அதான் சரி. ரெடிமேட் பிடிக்காது" என்றாள் என் வீட்டுத் தையல்காரி. டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு நிதானமாகச் சொன்னார். உறுப்பு முன்னைவிட நீளமாகாது. கொஞ்சம் குட்டையாகக்கூடத் தோன்றலாம். தொடு உணர்ச்சி இப்போது இருப்பதுபோலவே இருக்கும். சீழ் பிடித்தால் குச்சிகளை எடுத்துவிட வேண்டிவரும். வைத்துக்கொண்டபின் வேண்டாமென்று எடுத்துவிட்டாலும், தானாக விறைப்பது இனி நடக்காது.

"நீங்க ஒண்ணும் கேக்கலியே சார்?"

"வலிக்குமா?" என்றேன்.

"வலிக்கும். ஆனா குறைஞ்சிடும்."

இரண்டும் உண்மைதான். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்து ஆபரேஷன் செய்தார்கள். மறுநாள் சிறுநீர்க் குழாயை எடுத்தபோது முதன்முறையாகக் குனிந்து பார்த்தேன். ஊதாவாக வீங்கியிருந்தது. என் மனைவியும் எட்டிப் பார்த்தாள்.

"மூடுங்க. கேன்டீன்ல இன்னைக்குக் கத்திரிக்காக் கொழம்பு."

சிரித்ததில் தையல் சுரீரென்று இழுத்தது.

ஊருக்கு வந்ததும் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிவைத்தோம். ஒன்றரை மாதம் தாம்பத்தியம் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது என்று உத்தரவு. தொளதொளவென்று வேட்டி கட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். எதிர்க்கடைப் பூ வியாபாரி அண்ணாச்சிக்கு நிஜமாகவே குடலிறக்கம். தினமும் வந்து நான் நடப்பதை உற்றுப் பார்ப்பார்.

"நல்லா நடக்கீரே வே! ஆஸ்பத்திரி பேரு ஒம்ம மச்சினன்ட்ட வாங்கிட்டேன். நாளைக்கு மெட்ராசுக்கு டிக்கெட் போட்டாச்சு. ஒமக்குச் செஞ்சதையே எனக்கும் செய்யச் சொல்லப்போறேன்."

கல்லாவிலிருந்து சட்டென்று எழுந்தேன். கடைக்குள் அழைத்துப்போய், யூரியா மூட்டைகளுக்கு நடுவில் உண்மையைச் சொன்னேன். வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நல்லவேள சொன்னீரு! எனக்கு அங்கன ஒரு கொறையும் இல்ல வே!"

திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்துகொண்டார். யாரிடமும் மூச்சுவிடவில்லை. என்னைக் கண்டால் மட்டும் ஒரு முழம் பிச்சிப்பூ கூடுதலாக அளந்து, "வீட்டுக்குக் கொண்டு போம்" என்பார்.

டாக்டர் அனுமதித்த பிறகு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன ஒரு காலையில் வாசல் கதவைச் சாத்தினோம். "மெதுவா, மெதுவா" என்று அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் வலி, நடுவில் இருவருக்கும் அடக்க முடியாத சிரிப்பு. பழையபடி இல்லை; ஆனால் நன்றாகவே இருந்தது. அவள் என் தோளில் சாய்ந்து சிறிது நேரம் அழுதாள். அவளும் இத்தனை நாள் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கடைக்குப் போனபோது வெயில் ஏறியிருந்தது. குருவிகுளத்திலிருந்து உரம் வாங்க வந்த ஒரு சம்சாரி படியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மொதலாளி, இவ்வளவு நேரங்கழிச்சு வாரீக?"

"வீட்டுல கொஞ்சம் சோலி" என்று சொல்லிவிட்டுப் பூட்டைத் திறந்தேன்.